தீயணைக்கப் போனவரின் மனைவி

பட்டா நகலுக்காகத் தாலுகா ஆபீசில் காத்திருந்தபோது அந்தப் பெண்ணைப் பார்த்தேன். மலையடிவாரத்துக் கோம்பை ஊர்க்காரி. சேலையெல்லாம் கரி. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள். காட்டுத்தீயை அணைக்கப் போன அவள் கணவர் கருகி இறந்து, உடல் ஆஸ்பத்திரியில் கிடந்தது. ஈமச் செலவுக்கு உதவி கேட்டு வந்திருந்தாள்.

"அவர் சர்க்கார் ஆள் இல்லையேம்மா. தானாப் போனவருக்குச் சட்டத்துல இடமில்ல," என்றார் குமாஸ்தா.

"பாரஸ்டர் வந்து கூப்பிட்டாகய்யா. சோத்தப் பாதியில வச்சிட்டு ஓடுனாக. இப்ப ஊருக்குக் கொண்டுபோக வண்டிக்குக்கூட வழியில்ல."

என்னிடம் இருந்த பணத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"வேணாம்யா. கூப்பிட்டுத்தான் போனாகன்னு இங்கன ஒருத்தராவது சொல்லட்டும்."

குமாஸ்தா அடுத்த மனுவை எடுத்தார். அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் தனியாக நடந்தாள். அவரை எப்படி ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தாளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.