குற்றாலத்தில் முப்பத்திரண்டு முதுகுகள்

எங்கள் கல்லூரியில் கோடைகால வெளிநாட்டுப் படிப்புக்கு அறிவிப்பு வந்ததும் தோழிகள் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் விண்ணப்பித்தார்கள். நான் தென்காசிக்குப் போட்டேன். பினாங்கில் பிறந்தாலும் வீட்டில் தமிழ்தானே, ஜமாய்த்துவிடலாம் என்ற திமிர்! ஜூன் முதல் வாரம் கிளம்பினேன். கோடை என்பது பேருக்குத்தான். இறங்கிய நாள் முதல் சாரல் விடவே இல்லை.

கோலாலம்பூரிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நான்கு மணி நேர விமானம். அங்கிருந்து தென்காசி நூற்றைந்து கிலோமீட்டர், பேருந்தில் மூன்றரை மணி நேரம். புளியறை சோதனைச்சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் இருபது நிமிடம் நின்றோம். பன்னிரண்டு ரூபாய்க்கு அங்கே குடித்த டீயை இன்னும் மறக்கவில்லை. தங்கியது மேலகரத்தில், சபீனா வீட்டில். உள்ளூர்க் கல்லூரியில் படிப்பவள், ஆய்வில் எனக்கு ஜோடி, அப்பா துபாயில். மேலகரத்திலிருந்து குற்றாலத்துக்கு டவுன் பஸ்ஸில் பத்து நிமிடம், பெண்களுக்குக் கட்டணமில்லை.

வேலை எளிதுதான். அருவிக்கு வரும் பெண்கள் நாற்பது பேரிடம் பேசி, அவர்களுக்கு என்ன வசதி தேவை என்று எழுத வேண்டும். நாற்பது படிவம் நிரம்பாவிட்டால் மதிப்பெண் கிடையாது, அந்தப் பாடத்தை அடுத்த வருடம் திரும்பப் படிக்க வேண்டும்.

நானோ அச்சடித்த படிவங்களோடு பேரருவியின் பெண்கள் பக்கம் போய் நின்றேன். என் புத்தியை என்ன சொல்ல! குளித்து வெளியே வருகிறவர்கள் நடுங்கிக்கொண்டு, ஒரு கையில் பிள்ளை, மறு கையில் ஈரத்துணி என்று ஓடுகிறார்கள். "பொறவு வாம்மா, குளிருது" என்பதுதான் எல்லோர் பதிலும். அகப்பட்டவர்களும் இரண்டு கேள்வியோடு பஜ்ஜிக் கடைக்குப் போய்விட்டார்கள். மூன்று வாரத்தில் எட்டுப் படிவம், அதுவும் நனைந்து சுருங்கி. மிச்சம் ஐந்தே நாள். அன்று மதியம் பேருந்து நிறுத்தத்திலேயே அழுதுவிட்டேன்.

நானும் சபீனாவும் மழைக்கு ஒதுங்க ஒரு விடுதிக்குள் நுழைந்தோம். மாடியில் தகரக் கூரைக்கடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு, உடம்பெல்லாம் நல்லெண்ணெயோடு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அருவியில் எண்ணெய்க்கும் சோப்புக்கும் தடை. அதனால் இங்கேயே தேய்த்து, அரை மணி நேரம் ஊறி, சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அருவிக்குக் கிளம்புவார்களாம். சுரண்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா என்னைப் பார்த்துக் கிண்ணத்தை நீட்டினாள்.

"ஏட்டி, சும்மாதான நிக்கே? முதுகுல கை எட்ட மாட்டேங்கு. இங்கன கொஞ்சம் தேச்சு விடு."

முன்பின் தெரியாதவர் முதுகைத் தொடுவதா என்று திகைத்தேன். சபீனா என் முழங்கையில் இடித்தாள். தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே ஆய்வைச் சொல்லி, எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். "எழுது, எழுது" என்றவள் நிறுத்தவே இல்லை. உடை மாற்ற வரிசை நகராததால் போன வருடம் சுரண்டை வரை ஈரச் சேலையோடு பஸ்ஸில் போனதையும், மூன்று நாள் காய்ச்சலில் கிடந்ததையும் சொன்னாள். எண்ணெய் ஊறும் வரை அவர்களுக்கும் பேச்சைத் தவிர வேறு வேலை இல்லையே!

அப்புறம் என்ன, நான் முதுகு தேய்க்க, சபீனா எழுத, ஒரு முதுகு முடிவதற்குள் அடுத்தவள் கூப்பிட்டாள். அன்று மட்டும் ஒன்பது. நான்காம் நாள் பகல் பதினொன்றரைக்கு நாற்பதாவது படிவம் முடிந்தது. செங்கோட்டையிலிருந்து வந்த ஒரு டீச்சருடையது அது. கையைத் துடைத்துக்கொண்டு எழப் போனேன், அவர் விடவில்லை.

"எல்லாரு முதுகையும் தேச்ச. ஒன் முதுகு காஞ்சில்லா கெடக்கு. திரும்பு."

பெருமை தாங்காமல் திரும்பி உட்கார்ந்தேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: ஜூன், ஜூலையில் வாருங்கள், குடையை நம்பாதீர்கள். வார நாட்களில் காலை ஏழு மணிக்கு முன் அருவியில் கூட்டம் குறைவு. கறை பட்டாலும் பரவாயில்லை என்கிற உடை ஒன்று அவசியம்.

கடைசி நாள் எங்கள் விரிவுரையாளர் காணொளியில் படிவங்களைக் காட்டச் சொன்னார். இத்தனை எண்ணெய்க் கறை ஏன் என்று முகம் சுளித்தார். கறையில்லாத முதல் எட்டையும் பக்கத்தில் பிடித்தேன். அவற்றில் பாதிக் கட்டங்கள் காலி. கறை பட்ட முப்பத்திரண்டிலும் இடம் போதாமல் பின்பக்கம் வரை எழுத்து. அவர் கொஞ்ச நேரம் படித்தார். பிறகு, அடுத்த வருடம் வரும் மாணவிகள் கொண்டுபோக வேண்டிய பொருள்களின் பட்டியலில் நல்லெண்ணெயையும் சேர்க்கச் சொன்னார்.