அண்ணாந்து குடிக்கிறவர்

என் கணவருக்கு ஸ்ட்ரோக் வந்தது மூளையின் அடியில், கழுத்துப் பக்கம் இறங்கும் தண்டில். கை கால் எல்லாம் அசைந்தன. ஆனால் குரல் கரகரத்துப் போய், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் சுகர் லேண்ட் ஊர் மருத்துவமனையில் மூன்றாம் நாள், விழுங்கப் பயிற்சி தரும் அமெரிக்கப் பெண் வந்தாள். சின்ன வயதுதான்.

அவரை "ஆ" சொல்ல வைத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்நாக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. நாக்கை நீட்டச் சொன்னாள், நேராக வந்தது. எனக்காக ஒரு தாளில் அந்த மூளைத் தண்டை வரைந்து, இரண்டு பக்கமும் புள்ளிகள் வைத்தாள். கண்ணை அசைக்க ஒன்று, முகத்துக்கு ஒன்று, நாக்குக்கு ஒன்று. தொண்டையையும் குரலையும் பார்த்துக்கொள்ளும் இடப்பக்கப் புள்ளிதான் ரத்தம் போகாமல் கெட்டுவிட்டது. அருகிலேயே இருக்கும் நாக்கின் புள்ளிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் பத்தாவது வரை படித்தவள். ஒரு வாய்ச் சோறு உள்ளே போக அங்கே இத்தனை வேலை நடக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தாள், இறங்கியது. பேப்பர் கப்பைக் கொடுத்தாள். இவர் வழக்கம்போல அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக்கொண்டார். இருமல் வெடித்தது. கப்பை வாங்கிக்கொண்டாள். இப்போதைக்கு வாய் வழியே எதுவும் வேண்டாம், நாளை எக்ஸ்ரே பார்க்கலாம், அதிலும் தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போனால் வயிற்றில் டியூப்தான் என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். வெளி ஆட்களிடம் ஆங்கிலம் பேச எனக்கு வாய் எழாது. அவள் கதவருகே போய்விட்டாள்.

"மேடம்," என்றேன். "ஹி ஆல்வேஸ் டிரிங்க் லைக் திஸ்." இன்னொரு கப்பை எடுத்து, அண்ணாந்து குடித்துக் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. இன்னொரு முறை குடிக்கச் சொல்லி என் தொண்டையையே உற்றுப் பார்த்தாள். அண்ணாந்தால் இவருக்கு மூச்சுக்குழல் வாய் திறந்து நிற்கும் என்றாள். மோவாயைத் தாழ்த்தி, முகத்தை இடப்பக்கம் திருப்பினால் கெட்ட பக்கத்து வழி அடைபடும். நல்ல பக்கமாக இறங்கும். ஒருவர் தண்ணீர் குடிக்கும் விதத்திலிருந்து இவ்வளவு கண்டுபிடிக்கிறாளே என்று வியந்து நின்றேன்.

சாயங்காலம் காலிக் கப்பை வைத்துப் பழகினோம்.

"கப்புல வாய் வைக்கணுமா? எச்சில்டி."

"பேப்பர் கப்புங்க. குடிச்சதும் குப்பைக்குத்தான் போகுது."

"எங்கம்மா பாத்தா..."

"அத்தை இருந்தா அவங்களே உங்க தலையைப் பிடிச்சு அமுக்குவாங்க."

மறுநாள் அவர் மோவாயைத் தாழ்த்தி, இடப்பக்கம் திரும்பிக் குடிக்க, எக்ஸ்ரே திரையில் மருந்து கலந்த தண்ணீர் கறுப்பாக நாக்கின் மேல் வந்தது. இரண்டு வழி பிரியும் இடத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு உணவுக்குழாயில் இறங்கியது. "நோ டியூப்," என்றாள் அந்தப் பெண். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மதியம் மசித்த உருளைக்கிழங்கு வந்தது. இடப்பக்கம் திரும்பித்தான் விழுங்க வேண்டும் என்பதால் நான் இடப்பக்கம் உட்கார்ந்தேன். இருபது வருடமாக டிவியையோ போனையோ பார்த்துச் சாப்பிட்டவர், ஒவ்வொரு வாய்க்கும் என் முகத்தைப் பார்த்தார்.

"உன் மூஞ்சியப் பாத்தாத்தான் உள்ள இறங்குமாம்," என்றார் அந்தக் கரகரத்த குரலில்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. "சாப்பிடறப்போ பேசக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?" என்று ஸ்பூனைப் பார்த்துக்கொண்டே அடுத்த வாயை எடுத்தேன்.