கவிழ்ந்த ஜீப்பும் கீறல் விட்ட ரிம்மும்

ரோட்டில் ஓடுகிற வண்டியின் முகத்தைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். என் தொழிலில் அதன் அடிவயிறுதான் முதலில் கண்ணில் படும். கோவில்பட்டி பைபாஸில் டயர் கடை வைத்திருக்கிறேன். கவிழ்ந்த வண்டிகளைத் தூக்க ஒரு கிரேனும் உண்டு. காட்டுப்பாதைக்கு ஆகும் என்று ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வாங்குகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். உயரமான வண்டி, சாய்ந்தால் உருண்டுவிடும். வாங்கினவர்களும் வாங்க ஆசைப்படுகிறவர்களும் என்னோடு சேர்ந்து கொஞ்சம் பயந்துகொண்டே இதைப் படிக்கலாம்.

மண்ணில் விழுந்த கோடு

நாகலாபுரம் போகிற வழியில், காற்றாலை வேலைக்கு ஓடுகிற ஜீப் ஒன்று மல்லாந்து கிடந்தது. முந்தின நாள் மழையில் கரிசல் மண் வெண்ணெயாகக் குழைந்திருந்தது. டிரைவர் மட்டும்தான் வண்டியில் இருந்திருக்கிறார். பெல்ட் போட்டிருந்ததால் தப்பித்து, வரப்பில் நின்றுகொண்டிருந்தார். "ரிம்மு ஒடஞ்சு போச்சு, அதான் கவுந்துட்டு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ரிம் உடையவில்லை. இரும்பு ரிம், விளிம்பு மட்டும் தோசையாக மடங்கியிருந்தது. வண்டி பக்கவாட்டில் வழுக்கும்போது டயர் ரிம்மைவிட்டுக் கழன்றிருக்கிறது. வெறும் ரிம் ஈரமண்ணில் புதைந்து, வண்டியைத் தடுக்கிவிட்டிருக்கிறது. அது உழுத கோடு ரோட்டோரத்திலிருந்து வண்டி வரைக்கும் ஆழமாகத் தெரிந்தது.

அந்தக் கோடு போனது புதிதாக மக்காச்சோளம் விதைத்த காட்டின் நடுவில். காட்டுக்காரர் தூரத்திலிருந்தே வேகமாக வந்தார். சண்டை வரப்போகிறது என்று கிரேனை விட்டு இறங்கிவிட்டேன். அவர் கோட்டைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், டிரைவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "வெதைய பெறவு பாத்துக்கிடலாம். இவருக்குக் கையி நடுங்குது, மொதல்ல இவர உக்கார வைங்க."

தாங்கி நின்ற சக்கரம்

கயத்தாறு பக்கம் ஒரு ஜீப் ஆட்டுக்கூட்டத்துக்கு ஒதுங்கப்போய், சின்னப் பாலத்தின் ஓரமாக உருண்டு ஓடைக்குள் விழுந்திருந்தது. ஓட்டி வந்தவர் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. வலது பக்கமாகச் சாய்ந்து கிடந்த வண்டியின் கதவுச் சட்டத்துக்கு அடியில் அவருடைய தொடை மாட்டியிருந்தது. முன்சக்கரம் பாலத்தின் கல்லில் முட்டி நின்றதால்தான் மொத்தப் பாரமும் கால்மேல் இறங்கவில்லை. அவர் மனைவி மண்ணில் உட்கார்ந்து புருஷன் கையைப் பிடித்தபடி, விடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் குனிந்து அந்தச் சக்கரத்தைப் பார்த்தேன். பளபளக்கிற அலாய் ரிம். இரும்பு என்றால் வளையும். இது வளையாமல் வெடிக்கும். நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் ஆரக்கால்களில் இரண்டு ஏற்கெனவே விட்டுப்போயிருந்தன. மூன்றாவதில் கீறல். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. மேலே நின்ற கூட்டம் "சக்கரத்துல கொக்கியப் போட்டு இழுங்க, என்ன பாத்துக்கிட்டு நிக்கீங்க" என்று அதட்டியது. மேல்பக்கத்து ரிம்மும் அடிபட்டுத்தான் இருந்தது. அதில் கொக்கி போட்டு, அது பிய்ந்துகொண்டால் வண்டி அப்படியே அவர்மேல் இறங்கும். வண்டிக்கு அடியில் படுத்து, மரக்கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகினேன். என் முகத்துக்கு நேரே அந்தக் கீறல். கட்டை இறுகின பிறகுதான் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் பெல்ட்டைச் சுற்றி, கிரேனில் இருந்த கடைப் பையனிடம் தூக்கச் சொன்னேன்.

வண்டி அசைந்ததுமே ரிம் வெடித்தது. ஒரு துண்டு பறந்துபோய்ப் பாலத்துச் சுவரில் அடித்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுங்கிக் கட்டையில் உட்கார்ந்தது, கட்டை தாங்கியது. மறுபடி தூக்கினோம். ஆளை உருவி எடுத்துவிட்டார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, மயக்கத்திலும் அவர் "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "ரிம்மப் பத்தி அவியகிட்ட இப்பம் சொல்லாதீங்க அண்ணாச்சி. அவிய ஆசப்பட்டு வாங்கிப் போட்டது."

மண்ணெண்ணெயும் சாக்பீஸ் தூளும்

கடம்பூர்க்காரர் ஒருவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி, போகிற வழியில் டயர் மாற்ற வந்தார். ஜீப்பில் இருந்த ரிம்கள் கவிழ்ந்த வண்டி ஒன்றிலிருந்து வந்தவை என்று அவரே பெருமையாகச் சொன்னார். "ஒரு கோடு கெடையாது, பாருங்க." டயரைக் கழற்றிய ரிம்மில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவினேன். கீறல் இருந்தால் உள்ளே நின்ற எண்ணெய் கசிந்து தூளை நனைக்கும். மூன்று ரிம் சுத்தம். நாலாவதில், போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில், தலைமயிர் போல ஈரக்கோடு ஓடியது.

"பெயிண்ட்டு கீறிருக்கு. நீங்க புது ரிம்மு விக்கதுக்குத்தான் இப்படிச் சொல்லுதீங்க" என்றார் அவர். அதில் டயர் மாட்ட மாட்டேன் என்றேன். கோபத்தோடு பழைய டயரையே அடுத்த கடையில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் மனைவி திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

மத்தியானம் போன் வந்தது: நாலுவழிச் சாலையில் வண்டி ஒன்று குடும்பத்தோடு கவிழ்ந்துவிட்டது. என்ன வண்டி என்று சொன்னவருக்குத் தெரியவில்லை. போகிற வழியெல்லாம் கடம்பூர்க்காரர் நம்பருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. போய்ப் பார்த்தால் கவிழ்ந்தது வேறு கார். ஆட்கள் சிராய்ப்போடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது கடம்பூர்க்காரரே கூப்பிட்டார். அந்த ரிம்மைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னி போட்டுத்தான் கல்யாணத்துக்குப் போனாராம். எனக்கு மூச்சு வந்தது. அதற்குள் அவர் சொன்னார்: "ஒங்க பேச்ச நம்பி ஒண்ணும் மாத்தல அண்ணாச்சி. எம் பொண்டாட்டிதான் பிள்ளையளக் கூட்டிக்கிட்டு ரோட்டுல எறங்கி நின்னுக்கிட்டா."

கவிழ்ந்த வண்டியில் எந்த ரிம் தாங்கும், எது வெடிக்கும் என்று ஓரளவுக்குச் சொல்லிவிடுவேன். நிமிர்ந்து நிற்கிற வண்டிக்காரரிடம் அதைச் சொல்லி நம்பவைக்கத்தான் எனக்கு இன்னும் தொழில் பழகவில்லை.