மைராவும் இளஞ்சிவப்புச் சொட்டும்

அந்தப் பள்ளிக்கூடத்தின் வேதியியல் கூடத்தை மைரா பென்னி பதினாறு வருஷமாகத் துடைத்தவள். நாற்பத்தொன்பது வயதில், சனிக்கிழமை வகுப்புக்கு, அதே கூடத்தில் மாணவியாக வந்து நின்றாள். வேதியியல் தேறினால் செயின்ட் ஜான்ஸ் நகரத்தில் நர்ஸ் படிப்பு. தவறினால் பழைய வாளியும் துடைப்பமும். கூச்சப்பட்டவளுக்குத் துணையாகக் கணவன் கிளெமும் சேர்ந்துகொண்டான். காட் மீன் ஆலை மூடியதிலிருந்து வீட்டில் சும்மா இருந்தவன். வேதியியல் அவனுக்கு வேப்பங்காய். அவளைத் தனியே அனுப்ப மனசில்லை, அவ்வளவுதான்.

கடைசிச் செய்முறைத் தேர்வில் இருவருக்கும் ஒரே மேசை. கிளெம் பிப்பெட்டில் அமிலத்தை அளந்து குடுவையில் விட, மைரா ப்யூரெட்டிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்குவாள். குடுவையில் இளஞ்சிவப்பு தட்டியதும் நிறுத்தி, இறங்கிய காரத்தின் அளவைக் குறிக்க வேண்டும். இரண்டு அளவாவது ஒத்துப்போனால்தான் தேர்ச்சி.

முதலில் 22.4 மில்லி வந்தது. அடுத்து 22.8. அதற்கடுத்து 22.6.

"என் கண்ணுதான் கெட்டுப்போச்சு கிளெம். இந்த வயசுல எனக்கெதுக்கு இதெல்லாம்?"

"மீன் முள்ளை இருட்டுலகூட எடுக்கிறவ நீ. உன் கண்ணுக்கு என்ன கேடு?" என்றபடி அவன் குடுவையைத் தண்ணீரில் அலசினான். பிறகு, ஒவ்வொரு தடவையும் செய்ததுபோலவே, கொஞ்சம் அமிலம் ஊற்றிச் சுழற்றிக் கொட்டினான்.

"என்னய்யா பண்றே?"

"ஆலையில உப்புத் தொட்டியை உப்புத்தண்ணியாலதான் அலசுவோம். நல்ல தண்ணி தங்கினா உப்பு குறைஞ்சிடும். டீச்சரும் பிப்பெட்டை அப்படித்தானே அலசச் சொன்னாங்க?"

"பிப்பெட்டைத்தான் சொன்னாங்க. அது அளக்கிற சாமான். குடுவையில அமிலம் ஒட்டியிருந்தா அதுவும் சேர்ந்து என் கணக்குல ஏறுது. தண்ணி தங்கினா தங்கட்டும், அது அமிலத்தைக் கூட்டாது."

கிளெமின் முகம் செத்துவிட்டது. இருபது வருஷம் ஒழுங்காகச் செய்த வேலை, இங்கே வந்து காலை வாரிவிட்டது. புட்டியில் இன்னும் இரண்டு தடவைக்குத்தான் அமிலம் இருந்தது. ஆனாலும் மைரா குடுவையை அவனிடமிருந்து வாங்கவில்லை. அவனே வெறும் தண்ணீரில் கழுவினான்.

22.1. மறுபடியும் 22.1.

மைரா அவன் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். அதற்குள் அவன் அறிக்கைத் தாளை நிரப்பத் தொடங்கியிருந்தான். 'பிழைக்குக் காரணம்' என்ற இடத்தில் 'கிளெம் பென்னி' என்று எழுதினான்.

அவள் பேனாவைப் பிடுங்கி அதை அடித்துவிட்டு, 'குடுவையில் தங்கிய அமிலம்' என்று எழுதினாள்.

"நீ கூட வரலேன்னா முதல் சனிக்கிழமையே ஓடிப்போயிருப்பேன்," என்றாள். "பேரை எழுதணும்னா மேலே எழுது. என் பேருக்குப் பக்கத்துல."