சீனியரின் ஏப்ரன்

சாந்தன்பாறை ஏலத்தோட்டத்திலிருந்து பாலக்காட்டுக்கு நர்சிங் படிக்கப் போனபோது எனக்கு மலையாளம் நன்றாகப் புரியும்; பேசினால்தான் தமிழ் வந்து கலந்துவிடும். எழுபதுகளின் நடுவில் அது. நான் ஹாஸ்டலுக்கு வந்த அன்றே மூன்றாம் வருடத்துச் சீனியர் ஒருத்தி, தமிழர்களை அங்கே கேலியாகச் சொல்லும் ‘பாண்டி’ என்பதையே எனக்குப் பேராக வைத்தாள். அவளுடைய ஏப்ரனைத் துவைத்துக் கஞ்சி போடுவது என் வேலையாயிற்று. வார்டில் நோயாளிகள் முன்னால் என்னை மலையாளம் பேசச் சொல்லிச் சிரிப்பாள். நான் மெல்லப் பேச்சையே குறைத்துக்கொண்டேன்.

என் அறையில் இருந்தவள் சித்திரபுரத்துக்காரி; என்னைப் போலவே மலைத்தோட்டத்துத் தமிழ்ப் பெண். அவளுக்கும் இதே கதிதான். “விடு, நாமளும் நாளைக்கு சீனியர் ஆவோம்ல. அப்ப பாத்துக்கிடலாம்” என்று தேற்றுவாள். அப்போது அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பிரசவ வார்டில் பாலக்காட்டை அடுத்த சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். குழந்தை பிறந்த மறுநாள் காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடிவகுறு கல்லாட்ட இருக்குது அம்மிணி. ஒண்ணுக்கே போக முடியல. சொன்னா ஆரும் கேக்க மாட்டேங்கறாங்க.”

சீனியரிடம் சொன்னேன். பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் சொல்வதுதான், உன் வேலையைப் பார் என்றாள்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து அந்தக் கட்டிலைத் தாண்டும்போது என்னையறியாமல் வாய் திறந்துவிட்டேன். பாதி மலையாளம், பாதி தமிழ். யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. திரும்பி வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். சிறுநீர் இறங்க உடனே டியூப் போடச் சொன்னார். சற்று நேரத்தில் அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது.

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை சீனியர் என்னைச் சாப்பாட்டு அறை வாசலில் நிற்க வைத்தாள். மேட்ரனிடம் போய்ச் சொன்னேன். தாங்களும் இதையெல்லாம் தாண்டித்தான் வந்ததாகச் சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை. வெளியே மழை பெய்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

நாங்கள் மூன்றாம் வருடம் போனபோது எங்களுக்கும் ஜூனியர்கள் வந்தார்கள். சித்திரபுரத்துக்காரி தன் ஏப்ரனை ஒரு பெண்ணிடம் நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

“அப்ப நாம பட்டதெல்லாம்?” என்று கேட்டாள்.

ஏப்ரனை வாங்கி அவள் கட்டிலில் போட்டேன். படிப்பு முடியும்வரை அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த ஜூனியருக்கும் என்மேல் நம்பிக்கை வரவில்லை. வேறு ஏதோ பெரிதாக வேலை வாங்கத்தான் இப்படி நடந்துகொள்கிறேன் என்று நினைத்திருப்பாள். ரொம்ப நாள்வரை என்னைக் கண்டால் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.