கருகிய நியூட்ரல் வயர்

“...நியூட்ரல் எண்டது சும்மா திரும்பிவாற வயர்தானே தம்பி, அதிலை சூடாக என்ன கிடக்கு? நீர் அந்த ரீச்சரின்ர குக்கரைப் பாரும்,” என்று வீட்டுக்கார ஐயா சொன்னபோது, வயர் வேலைக்குப் போன நான் மெயினை நிறுத்தி வெட்டியெடுத்த கருகல் துண்டை அவர் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். எரிந்த பிளாஸ்டிக் எங்கே மணத்தாலும் இன்றைக்கும் எனக்கு அவருடைய முகம்தான் வரும்.

கிளிநொச்சியில் அவருக்கு மூன்று தட்டு வீடு. கீழே அவர் குடும்பம், நடுவில் வாடகைக்கு ரீச்சர், மேலே கணினி வேலை செய்யும் பெடியள். மின் ஆளிப்பெட்டியடியில் கொஞ்ச நாளாக எரிகிற மணம். மின்சாரம் கூடினால் தானே விழவேண்டிய பிரேக்கரோ ஒருநாளும் விழவில்லை. ஐயா விசாரிக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: சோற்றுக் குக்கர். “தோட்டத்துச் சனத்துக்குக் கரண்ட் பாவிக்கத் தெரியுமே?” என்று அவா காதில் விழத்தக்கதாகவே சொல்வார். அவா பிறந்து வளர்ந்தது இதே வன்னியில், ஒட்டுசுட்டானில். மலையகத் தேயிலைத் தோட்டம் அவாவின் பாட்டன் காலத்துக் கதை. அந்த அறை போனால் பள்ளிக்கூடமும் போன மாதிரித்தான். ஊரிலிருந்து பஸ் பிடித்து முதல் பாடத்துக்கு வந்து சேர ஏலாது. அதற்குள்ளும் அவாவுக்குப் பகிடி: “என்ர குக்கர் சோறுதான் அவிக்கும் தம்பி, சுவரை அவிக்காது.”

அவா சொன்னது சரி. மின்சாரம் உள்ளே வர ஒரு தட்டுக்கு ஒரு பேஸ் வயர். மூன்றும் திரும்பிவர ஒரே நியூட்ரல். குக்கர் போல ஒரே சீராக இழுக்கும் சாமான்களின் மின்சாரம் மூன்று பக்கத்தாலும் வந்து அங்கே ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். எல்.ஈ.டி. பல்பும் கணினியும் கமராவும் அப்படியல்ல, வெட்டி வெட்டி இழுப்பவை. அவை கிளப்பும் ஹார்மோனிக் எனும் உப அலை மின்சாரம் நியூட்ரலில் கழியாது, ஒன்றின் மேல் ஒன்றாய்ச் சேரும். அந்த வயருக்குப் பிரேக்கரும் கிடையாது. வீடு கட்டும்போது அதற்கு மட்டும் மெல்லிய வயர் போதும் என்று பிடிவாதமாக நின்றவர் இதே ஐயா.

வயரை வெட்டமுதல் மீற்றர் பிடித்துக் காட்டியிருந்தேன். எந்தப் பேஸையும்விட நியூட்ரலில் கூடுதலாக மின்சாரம் ஓடியது. குக்கரை நிறுத்தினேன், எண் பெரிதாக மாறவில்லை. அவருடைய கமராக்களையும் மதில் நிறைய எரிந்த அலங்கார விளக்குகளையும் நிறுத்தினேன், சட்டென்று இறங்கியது. ஐயா கண்வெட்டாமல் பார்த்தார். விளங்காத மனிதரென்றால் எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திராது.

அந்தக் கருகல் துண்டை என் கையிலிருந்து வாங்கிச் சாரத்து மடிப்பில் செருகினார். பெட்டியைச் சாத்தினார். காருக்குள் கிடந்த வாசனைப் போத்தலை எடுத்துவந்து அதன்மேல் நன்றாக அடித்தார். பிறகு அவசரமில்லாமல் ஆறுதலாகப் படியேறிப்போய், ரீச்சரின் கதவைத் தட்டி, மாத முடிவுக்குள் வேறு இடம் பார்க்கச் சொன்னார்.