மைக்காவும் சாக்கடை மூடியும்

பதினோரு வருஷமாக மைக்காவுக்கு இதே வேலை. வீடு வீடாகப் போய்ப் போலியோ சொட்டு மருந்து ஊற்றுவாள், குடித்த குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைப்பாள். மை வைக்கிற அக்கா என்பதால் தெருவுக்கே அவள் மைக்கா. எல்லாக் குழந்தைகளும் குடித்த வீட்டுச் சுவரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. ஒன்று விடுபட்டாலும் பெருக்கல் குறி. அந்தக் குறியைத் தன் முகத்திலேயே போட்டதுபோல எடுத்துக்கொள்வாள்.

இரண்டு சுற்றாகப் பெருக்கல் குறி விழுந்தது மெக்கானிக் வீட்டில் மட்டும்தான். மூன்று வயதுப் பெண் குழந்தை.

இந்தச் சுற்றுக்குத் தொண்டு சங்கத் தலைவரும் கூடவே வந்தார். மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டி சங்கம் கொடுத்தது. சிமெண்டுக் கடை முதலாளியான தலைவர் தந்தது மஞ்சள் சட்டையும் போட்டோகிராபரும். வீட்டுக்கு வீடு, "இங்க ஒண்ணு எடுத்துக்கலாமா?" என்று பிடுங்கியெடுத்தார். தொல்லை தாங்காமல், "கடைசி வீட்டுல எடுத்துக்கலாம் தலைவரே" என்று சொல்லிவைத்தாள்.

கடைசி வீடு மெக்கானிக்குடையது. அவன் மகளின் கையைத் தூக்கிக் காட்டினான்.

"பாருங்க மைக்கா, மை. நேத்தே பஸ் ஸ்டாண்டுல குடுத்தாச்சு."

மைக்கா பார்த்தாள். வலது கை.

"ஏன் தம்பி, எதிர்ல உட்கார்ந்து வரைஞ்சியா?"

உள்ளேயிருந்து அவன் மனைவி சிரித்தாள். "நான் அப்பவே சொன்னேன், இடது கைன்னு. இதுதான் இடதுன்னு சாதிச்சாரு!"

மாட்டிக்கொண்டவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சரி, நான்தான் வரைஞ்சேன்! வாசல்ல சாக்கடை திறந்து கிடக்கு. மூணு வருஷமா கத்துறேன், ஒரு நாய் வரல. போன மாசம் என் பொண்ணு அதுல விழுந்துட்டா. கேக்காத சொட்டுக்கு மட்டும் கதவை உடைக்கிறீங்க!"

"அந்தக் கிருமி பரவுறதே சாக்கடைத் தண்ணியிலதான் தம்பி."

"அப்ப ரெண்டு சொட்டு அதுக்கு ஊத்துங்க."

மைக்கா சாக்கடையைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சொன்னதில் பாதி நியாயம். அதற்காக மூன்றாம் முறையும் பெருக்கல் குறி போட அவளுக்குக் கை எழவில்லை. தலைவர் பக்கம் திரும்பினாள்.

"போட்டோ வேணுமா?"

"பின்ன எதுக்கு வெயில்ல காயறேன்?"

"மிச்சமிருக்கிறது இந்த ஒரு வாய்தான். இது திறக்கணும்னா அந்தச் சாக்கடை வாய் மூடணும். உங்க கடையில சிலாப் இருக்கில்ல?"

"அம்மா, சாக்கடையெல்லாம் சங்கத்து விதியில வராதும்மா."

"கிருமி விதியில வரும்."

தலைவர் மெக்கானிக்கைப் பார்த்தார், போட்டோகிராபரைப் பார்த்தார், போனை எடுத்தார். அரை மணி நேரத்தில் லோடு ஆட்டோவில் நாலு சிலாப் வந்தது. மெக்கானிக் தானே இறங்கிக் கடப்பாரையால் நெம்பிப் பொருத்தினான். மேலே ஏறி இரண்டு தரம் குதித்துப் பார்த்தான். பிறகு மகளை மடியில் உட்காரவைத்தான்.

நான்தான் ஊற்றுவேன் என்றார் தலைவர். கண் காமிராவில், கை அந்தரத்தில். முதல் சொட்டு குழந்தையின் மூக்கில் விழுந்தது, அடுத்தது அவர் கடிகாரத்தில்.

"எடுத்தாச்சா?" என்றாள் மைக்கா.

"எடுத்தாச்சு," என்றார் போட்டோகிராபர்.

"அப்ப இப்படிக் குடுங்க."

கன்னத்தை லேசாக அழுத்தி, நாக்கில் இரண்டு சொட்டு. இடது சுண்டுவிரலில் மை. பழைய பெருக்கல் குறியை உள்ளங்கையால் தேய்த்து அழித்துவிட்டு ஒரு கோடு இழுத்தாள், வழக்கத்தைவிடச் சற்று நீளமாக.

"மைக்கா, மூலையில ஒரு சிலாப் குறையுது," என்றான் மெக்கானிக். "அடுத்த சுத்து எப்ப?"

மைக்கா காமிராவை எட்டிப் பார்த்தாள்.

"சீக்கிரமே வருவோம் தம்பி. போட்டோவுல தலைவர் கண்ணை மூடிட்டாரு."